பதினொரு நிமிட இடைவேளை

பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தேடி விஞ்ஞானிகள் நூறு வருடமாக ஆராய்ச்சிக் கூடங்களில் அலைகிறார்கள். பாவம், அவர்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. வினிபெக் நகரத்துக்கு வந்து, புகலிட நம்பகத் தீர்ப்பாயத்தின் லிஃப்டில் ஏறி, ஆறாம் மாடியில் இறங்கி, இடது பக்கம் திரும்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அங்கே உறுப்பினர் மர்டாக் ஹால்வர்சன் ஒன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, உயிருக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வருகிறவர்களில் யார் உண்மை சொல்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று பிரித்துக்கொண்டிருந்தார். பிரிப்பது சுலபமாகவே இருந்தது. உண்மை சொல்கிற பக்கத்தில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை.

அவருடைய முறையை எளிமை என்று நினைத்துவிடக் கூடாது. வந்தவர் ஒரு சம்பவத்தை இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னால் அது மனப்பாடம். மாற்றிச் சொன்னால் முரண்பாடு. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் 'அனுபவித்தவருக்குரிய உணர்ச்சி காணப்படவில்லை'. ஒரு மனிதர் தன் மேல் பிறப்பிக்கப்பட்ட கைது ஆணையைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். இவ்வளவு புதிய தாளில் கைது ஆணையா என்று ஹால்வர்சன் வியந்தார். அடுத்த வாரம் இன்னொருவர் கசங்கிய ஆணையோடு வந்தார். உயிருக்கு ஆபத்தான தாளை யாராவது இப்படிக் கசக்குவார்களா என்று அதற்கும் வியந்தார். வியப்பதில் அவர் ஓரவஞ்சனை பார்த்ததே கிடையாது.

இத்தனை தீர்ப்பு எழுதியும் ஒன்றுகூட மறுஆய்வு நீதிமன்றத்தில் கவிழ்ந்ததில்லை. அதற்குக் காரணம் அந்த நீதிமன்றத்தின் பெருந்தன்மை. வந்தவர் சொன்னது உண்மையா என்று அது கேட்காது. அது அதன் வேலை இல்லை. நம்பாதவர் ஒழுங்காக நம்பாமல் இருந்தாரா என்று மட்டும் பார்க்கும். ஹால்வர்சன் மிக ஒழுங்காக நம்பாமல் இருப்பவர். ஒவ்வொரு தீர்ப்பிலும் பதினான்காம் பத்தியில் 'அனைத்துச் சான்றுகளையும் கருத்தில் கொண்டேன்' என்று எழுதிவிடுவார். அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் நீதிபதிகள் ஆளை நேரில் பார்த்தவர் அவர்தானே என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தை அவர் ஒவ்வொரு தடவையும் எழுதுவதுகூட இல்லை. கணினியிலேயே இருந்தது.

நான்காம் மாடியில், பதிவகத்தில், டார்லீன் ஹ்ரிஞ்சுக் என்ற எழுத்தர் இருந்தாள். பத்தொன்பது வருட சர்வீஸ். ஒரு வழக்கு மறுஆய்வுக்குப் போனால், அந்த வழக்கின் எல்லாத் தாள்களையும் விசாரணையின் ஒலிப்பதிவையும் சேர்த்து, 'இது முழுமையான, உண்மையான பதிவு என்று சான்றளிக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியது அவள். அந்தக் கட்டடத்தில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத ஒரே வாக்கியம் அது. டார்லீனுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்தொன்று, எஞ்சின் உறைந்துவிடாமலிருக்கக் கார்களையெல்லாம் மின்சார வயரில் சொருகி வைத்திருந்த ஒரு நாள், மிஹ்ரத் கெப்ரெஸ்கி என்ற எரித்திரியப் பெண் அவள் கவுன்டருக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. யாரோ கொடுத்த கோட்டு, இரண்டு அளவு பெரியது. நவம்பரில் ஹால்வர்சன் அவளை விசாரித்து, அன்றைக்கே நம்பாமல் இருந்துவிட்டார்.

"மேடம், என் போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்கு" என்றாள் மிஹ்ரத். "திருப்பித் தருவீங்களா?"

"என்ன போட்டோம்மா?"

"உடைஞ்ச கதவு. எங்க வீட்டுல எடுத்த போட்டோன்னு அது ஒண்ணுதான் மிச்சம். ஊருக்குத் திருப்பி அனுப்பறாங்களாம். மார்ச் ஒன்பது, ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு பெட்டி, இருபத்து மூணு கிலோ."

"மறுஆய்வுக்கு மனு போட்டிருக்கீங்கல்ல?"

"வக்கீல் போட்டிருக்காங்க. ஜெயிக்கறது கஷ்டம்னும் சொல்லிட்டாங்க. அவரு எழுதினா எழுதினதுதானாம்."

"வழக்கு முடியற வரைக்கும் சான்றைத் திருப்பித் தர முடியாதும்மா. விதி."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா தரலாம்."

"முடிஞ்சா நான் இங்க இருக்க மாட்டேனே மேடம்."

டார்லீன் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதற்குப் பதில் அதில் இல்லை. மிஹ்ரத் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இந்த நாட்டில் எதற்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் நீதிமன்றத்திலிருந்து ஆணை வந்தது. மிஹ்ரத்தின் மனுவை விசாரிக்கப் போகிறார்கள், பதிவை அனுப்புக. டார்லீன் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு பெரோகியை, கொழுக்கட்டை மாதிரியானதை, சூடு பண்ணிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முழுமை என்று கையெழுத்துப் போடுகிறவள் முழுமையாகக் கேட்க வேண்டும் என்பது அவள் கொள்கை. மற்ற எழுத்தர்கள் தொடக்கத்தையும் முடிவையும் கேட்டுவிட்டு, நடுவில் இருப்பது நடுவில்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

ஹால்வர்சனின் குரல் கணீரென்று வந்தது. மிஹ்ரத் தாழ்ந்த குரலில் தன் மொழியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார்.

"வீட்டுல தடைசெஞ்ச ஜெபக்கூட்டம் நடத்தினதுக்காக உங்களைப் பிடிச்சாங்க. சரி. மனுவுல மூணு படைவீரர்னு எழுதியிருக்கீங்க. இப்ப நாலுங்கறீங்க."

"மூணு பேரு உள்ள வந்தாங்க ஐயா. ஒருத்தன் வாசல்ல நின்னான்."

"இதை மனுவுல எழுதலையே."

"வாசல்ல நின்னவன் என்னை அடிக்கலை. அதனால எழுதலை."

"மனுவுல செவ்வாய்க்கிழமை. இப்ப புதன்."

"செவ்வாய் சாயங்காலம் ஜெபம் ஆரம்பிச்சோம். விடிய விடிய நடந்துச்சு. புதன் விடியும்போது வந்தாங்க."

"அவங்க கதவைத் தட்டினாங்களா?"

"இல்லை ஐயா."

"ஒரு அரசாங்கப் படை, கதவைத் தட்டாம வருமா?" என்று ஹால்வர்சன் வியந்தார். "போகட்டும். அந்தக் கதவு உள்பக்கமாத் திறக்குமா, வெளிப்பக்கமாத் திறக்குமா?"

"அது திறக்கலை ஐயா. உடைஞ்சு விழுந்துச்சு. போட்டோ குடுத்திருக்கேன்."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

ஜெயிலாகப் பயன்பட்ட இரும்புச் சரக்குப் பெட்டகத்தில் ஏழு மாதம் அடைபட்டிருந்ததையும், ஒரு நாள் காவலாளி தூங்கிப்போனபோது தப்பித்ததையும் மிஹ்ரத் சொன்னாள். பணியிலிருக்கும் காவலாளி தூங்குவதை ஹால்வர்சனால் ஏற்க முடியவில்லை. டார்லீன் அறிந்தவரை, தீர்ப்பாயத்தின் கீழ்த்தளத்துக் காவலாளி வெய்ன் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். ஆனால் அது சான்றாகத் தாக்கல் செய்யப்படவில்லை.

பிறகு ஹால்வர்சன் முறைப்படி அறிவித்தார். "இடைவேளை. பதிவு நிறுத்தப்படுகிறது. நேரம் பத்து நாற்பத்திரண்டு."

நாற்காலிகள் நகர்ந்தன. மிஹ்ரத்தும் வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. டார்லீன் ஒரு பெரோகியை முள்கரண்டியில் குத்தி வாயருகே கொண்டுபோனாள். பதிவு நிற்கவில்லை.

தீர்ப்பாயத்தின் பதிவுக் கருவியை நிறுத்த வேண்டுமென்றால் உறுப்பினர்தான் கணினியில் 'நிறுத்து' என்பதை அழுத்த வேண்டும். உடனே திரையில் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கட்டம் வரும். அதற்கும் 'ஆம்' சொன்னால்தான் நிற்கும். அந்தக் கட்டடத்தில் ஹால்வர்சனைப் பார்த்து நிச்சயமாகவா என்று கேட்கும் துணிச்சல் அந்தக் கட்டத்துக்கு மட்டுமே இருந்தது. அன்று அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதே நேரத்தில் அவருடைய கைபேசி அடித்துவிட்டது.

டார்லீனின் காதில் முதலில் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. முட்டை சாண்ட்விச்சாக இருக்க வேண்டும். சாப்பிடக் கை வேண்டும் என்பதால் கைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கார் காப்பீட்டு அலுவலகம். நாலு நிமிடம் பாட்டு ஓடியது. அப்புறம் கெய்லா என்றொரு பெண் வந்தாள். தேன் மாதிரி குரல்.

"மான் மோதின விஷயம்தானே சார்? எப்ப நடந்துச்சு?"

"திங்கக்கிழமை. கர்லிங் ஆடிட்டு வீட்டுக்கு வரும்போது."

"முன்னால பேசினப்போ செவ்வாய்க்கிழமைன்னு சொல்லியிருக்கீங்க சார்."

"அப்ப செவ்வாயாத்தான் இருக்கும்."

"செவ்வாய்க்கிழமையும் கர்லிங் உண்டா சார்?"

"இல்லை. வந்து... ஏம்மா, திடீர்னு ஒரு மிருகம் காருக்கு முன்னால குதிக்குது. அந்த நேரத்துல யாராவது காலண்டரைப் பாப்பாங்களா?"

"புரியுது சார். ஒரு மானா? படிவத்துல ரெண்டுன்னு இருக்கு."

"ஒண்ணு. பின்னால இன்னொண்ணு இருந்திருக்கும். நான் என்ன நின்னு எண்ணிக்கிட்டா இருந்தேன்? உயிர் தப்பினதே பெருசு."

"இடது கதவா சார், வலது கதவா?"

"உள்ள உக்காந்து பாத்தா இடது." ஹால்வர்சன் சாண்ட்விச்சை விழுங்கினார். "இங்க பாரும்மா. பயந்துபோனவன்கிட்ட இப்படித் துருவித் துருவிக் கேட்டா எப்படி? சின்னச் சின்ன விஷயம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். அதுக்காக நடந்தது நடக்காமப் போயிடுமா? இன்னிக்கும் கண்ணை மூடினா அந்த மானோட ரெண்டு கண்ணும் தெரியுது. நாலா இருந்தாலும் இருக்கும்."

அவர் குரல் உடைந்தது. டார்லீன் பெரோகியைக் கீழே வைத்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் அந்தக் குரல் உடைந்து அவள் கேட்டதில்லை.

"கவலைப்படாதீங்க சார்" என்றாள் கெய்லா. "அதிர்ச்சியில இருக்கறவங்களுக்குக் கிழமை, எண்ணிக்கையெல்லாம் குழம்பறது சகஜம். எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லியிருக்காங்க. மான் என்ன ஆச்சு?"

"காட்டுக்குள்ள ஓடிருச்சு."

"பாத்தவங்க யாராவது?"

"யாரும் இல்லம்மா."

"பரவாயில்ல சார், உங்க வார்த்தை போதும். கதவை மாத்திக் குடுத்துடறோம்."

"ரொம்ப நன்றிம்மா. நீயாச்சும் நம்பினியே."

பிறகு கதவு திறந்தது, நாற்காலிகள் திரும்ப நகர்ந்தன. திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்த கட்டத்தை, என்ன கேட்கிறது என்று பார்க்காமலே மூடிவிட்டு, "பதிவு மீண்டும் தொடங்குகிறது. நேரம் பத்து ஐம்பத்து மூன்று" என்று ஹால்வர்சன் அறிவித்தார். தீர்ப்பையும் அங்கேயே வாசித்தார். குரலில் உடைசல் ஏதும் இல்லை.

"அத்தகைய அச்சமூட்டும் சம்பவம் உண்மையிலேயே நிகழ்ந்திருப்பின், அது நிகழ்ந்த கிழமையையும், தாக்க வந்தோரின் எண்ணிக்கையையும் ஒருவர் மாற்றிச் சொல்வது நம்பத்தக்கதன்று."

மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். டார்லீனுக்கு அந்தப் பழமொழி தெரியாது. ஆனால் அந்தக் கோபம் அவளுக்கு வந்தது. பத்தொன்பது வருடமாக அவள் முத்திரை குத்திய பதிவுகளில் எத்தனையில் இந்தக் குரல் இருந்தது என்று எண்ணிப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். அதன் பிறகு, விதிப்படி, உறுப்பினருக்கு ஒரு குறிப்பு அனுப்பினாள்: 'இடைவேளையும் பதிவாகியுள்ளது. தங்கள் தகவலுக்காக.'

ஹால்வர்சன் இரண்டு மாடி இறங்கி வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் நான்காம் மாடியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"டார்லீன், ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க சார்."

"அந்த இடைவேளையில நான் யாருகிட்டயும் போன் பேசலை."

"சரி சார்."

"பேசியிருந்தாலும் வெளிய வராந்தாவுலதான் பேசியிருப்பேன்."

"சரி சார்."

"உள்ள பேசினது என் வீட்டுக்காரிகிட்ட. சொந்த விஷயம்."

டார்லீன் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், மூணு தடவை சொன்னீங்க. மூணும் மூணு மாதிரி இருக்கு. எதை எழுதிக்கட்டும்?"

"என்னையே விசாரிக்கிறீங்களா?"

"ஐயோ, எனக்கு அந்தத் தகுதி ஏது சார். பதிவுல ஏதாவது பகுதியை எடுக்கணும்னா படிவத்துல காரணம் எழுதணும். அதான் கேட்டேன்."

"வழக்குக்குச் சம்பந்தமில்லாத பகுதின்னு எழுதுங்க."

"எழுதிடலாம். கீழ நீங்க கையெழுத்துப் போடணும் சார்." படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "'மேற்கண்டது உண்மை என உறுதியளிக்கிறேன்'னு அச்சடிச்சிருக்கு பாருங்க, அதுக்குக் கீழ."

ஆயிரத்துச் சொச்சம் பேரின் தலைவிதியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டவர் அந்தப் படிவத்தை மூன்று தடவை படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"உங்களுக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு இல்ல?" என்றார்.

"ஒரு வருஷம் எட்டு மாசம் சார்."

"அது வரைக்கும் கவனமா இருக்கணும்."

"கவனமாத்தான் சார் இருக்கேன். அதனாலதான் முழுசாக் கேட்டேன்."

அவர் போன பிறகு டார்லீன் அந்தப் படிவத்தை இழுப்பறைக்குள் வைத்தாள். பென்ஷன் கண்முன் வந்து நின்றது. முத்திரையை எடுத்தாள், வைத்தாள், ஆறிப்போன பெரோகியை ஒன்று தின்றாள், மறுபடி எடுத்தாள். இந்தப் பதினொரு நிமிடம் இல்லாமல் போனால் பதினான்காம் பத்தி இருக்கிறது, நேரில் பார்த்தவர் என்ற மரியாதை இருக்கிறது, மார்ச் ஒன்பதாம் தேதி விமானமும் இருக்கிறது. அவள் புரட்சிக்காரி அல்ல. 'முழுமையான' என்றால் முழுமை என்று நினைக்கிறவள், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் அதைவிட அபாயகரமான கொள்கை வேறு கிடையாது. முத்திரையைக் குத்தி, அன்றைய தபாலிலேயே அனுப்பினாள்.

பிப்ரவரி கடைசியில் நீதிமன்ற விசாரணை. உடம்பு சரியில்லை என்று சொல்லி டார்லீன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் யாரும் அவளிடம் எந்த உடம்பு, எந்தப் பக்கம், வலி உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று கேட்கவில்லை. மிஹ்ரத் முன் வரிசையில் அந்தப் பெரிய கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வக்கீல் ரூத் பென்னர் எழுந்து, பதிவின் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினார். அமைதியான நீதிமன்ற அறையில் முட்டை சாண்ட்விச் மெல்லும் சத்தம் பிரமாதமாகக் கேட்டது.

நீதிபதி லாமிராண்ட் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தம்மா சொன்னது உண்மையான்னு பாக்க நான் இங்க உக்காரலை. நம்பாததுக்குச் சொன்ன காரணம் நிக்குதான்னுதான் பாக்கணும். சொல்லுங்க, நிக்குதா?"

அரசாங்க வக்கீல் எழுந்தார். "நிக்குதுங்க. பயங்கரமான சம்பவத்தை அனுபவிச்சவங்க கிழமையை மறக்க மாட்டாங்க. பத்தி இருபத்தொண்ணு."

"அப்படின்னு யார் சொல்றது?"

"உறுப்பினர். சாட்சியை நேரில் பார்த்தவர். அவர் கருத்துக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தாகணும்."

"கொடுக்கத்தான் பாக்கறேன். பத்து ஐம்பதுக்கு ஒரு கருத்துச் சொல்றார், பத்து ஐம்பத்து மூணுக்கு அதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றார். நான் எந்த உறுப்பினருக்கு மதிப்புக் கொடுக்கறது?"

"முன்னால சொன்னது மானைப் பத்திங்க. மான் வேற, படைவீரர் வேற."

"ஆமாம்" என்றார் நீதிபதி. "மான் திரும்பத் தேடிக்கிட்டு வராது."

அரசாங்க வக்கீல் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு. எல்லாச் சான்றையும் பாத்தேன்னு பதினாலாம் பத்தியில எழுதியிருக்கார். உடைஞ்ச கதவோட போட்டோ ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி எங்கயாவது ஒரு வரி இருக்கா?"

அரசாங்க வக்கீல் உட்கார்ந்தபடியே தாள்களைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார்.

தீர்ப்பு கவிழ்ந்தது. மார்ச் ஒன்பதாம் தேதி விமானத்தில் இருபத்து மூன்று கிலோ குறைந்தது. மிஹ்ரத்துக்கு என்ன நடந்தது என்று உடனே புரியவில்லை. வக்கீல் காதில் சொன்னதும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். டார்லீன் மூக்கைச் சிந்தினாள். உடம்பு சரியில்லை என்றுதானே விடுப்பு எடுத்திருந்தாள்.

ஆனால் மறுஆய்வு நீதிமன்றத்தின் பெருந்தன்மையை மறந்துவிடக் கூடாது. 'இந்தப் பெண்ணை நம்புங்கள்' என்று அது சொல்லவே சொல்லாது. வேறு உறுப்பினர் ஒருவர், முதலிலிருந்து, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று சொல்லும். அதாவது அவளை நம்பாமல் இருக்க இன்னொருவருக்கும் நியாயமான வாய்ப்பு வழங்கும்.

தீர்ப்பாயமும் இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. மேலதிகாரிகள் மூன்று கூட்டம் போட்டார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தார்கள். பதிவுக் கருவியில் வந்துகொண்டிருந்த 'நிச்சயமாகவா?' என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே அழுத்தில் நின்றுவிடுகிறது. ஹால்வர்சன் தலைமையகத்துக்கு உயர்த்தப்பட்டு, புதிய உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். முதல் நாள் பாடம், இடைவேளையில் வராந்தாவுக்குப் போய்ப் பேசுவது எப்படி என்பது.

ஏப்ரலில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகியிருந்தபோது மிஹ்ரத் மறுபடி கவுன்டருக்கு வந்தாள். புது விசாரணைக்கான அறிவிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை அவள் அளவுக்குச் சரியான ஒரு மேல்சட்டை போட்டிருந்தாள்.

"என்னிக்கு மேடம்?"

"அடுத்த வருஷம் ஜூன்."

"பதினாலு மாசமா?"

"வரிசை நீளம்மா. இது வேற உறுப்பினர். புதுசா வந்தவர். போன மாசம்தான் பயிற்சி முடிச்சார்."

மிஹ்ரத் யாரிடம் பயிற்சி என்று கேட்கவில்லை. டார்லீனும் சொல்லவில்லை.

"அந்தப் போட்டோ?"

"வழக்கு இன்னும் முடியலையேம்மா. இங்கதான் இருக்கும். நானே பத்திரமா வெச்சிருக்கேன்." டார்லீன் ஒரு தாளை கவுன்டரின் மேல் நகர்த்தினாள். "நகல் எடுத்து வெச்சேன். நகல் தரக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லை. ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன்."

மிஹ்ரத் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில், கீல் பிய்ந்து, வாசலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது கதவு. வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளும்மா."

"அந்தப் போன்ல பேசின பொண்ணு, அவர் சொன்னதை நம்பிருச்சு இல்ல?"

"நம்பிருச்சு."

"மானைப் பாத்த சாட்சி?"

"யாருமில்ல."

"மானோட போட்டோ?"

"அதுவும் இல்ல."

"எவ்வளவு நேரத்துல நம்புச்சு?"

டார்லீன் கணக்குப் போட்டாள். முழுசாகக் கேட்டவள் அல்லவா. "பாட்டுப் போட்டுக் காக்க வெச்ச நாலு நிமிஷத்தைக் கழிச்சா, ஆறு, ஏழு நிமிஷம் இருக்கும்."

மிஹ்ரத் நகலை நான்காக மடித்து, அறிவிப்புக்குள் வைத்து, பைக்குள் போட்டுக்கொண்டாள். வழக்கம்போல நன்றி சொன்னாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"அப்ப அடுத்த தடவை அந்தப் புது ஐயாகிட்ட இப்படிச் சொல்லிடறேன் மேடம். அவங்க உடைச்சது வீட்டுக் கதவு இல்லை, கார் கதவுன்னு."